கடித்ததையும் எழுதுங்கள், ஏன் கடித்தான் என்பதையும் எழுதுங்கள்

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எங்கள் ஊர் திருமங்கலம் பக்கம். வீட்டில் வெள்ளையன் என்று நான்கு வயது ராஜபாளையம் நாய் இருக்கிறான். குட்டியாக அப்பா வாங்கி வந்தது. அப்பா பின்னாலேயே திரிவான். நாங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பார்க்கமாட்டான். அப்பா காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினால் ஓடி வந்து நிற்பான். தீபாவளி வெடிக்கே அசராத நாய் என்று தெருவே சொல்லும்.

போன மார்கழியில் அப்பா தவறிவிட்டார். அம்மாவுக்கு 63 வயது, மூட்டுவலி. இவன் இழுத்ததில் வாசலில் விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. நான் சென்னையில் மூன்றாவது மாடி வாடகை வீட்டில் இருக்கிறேன். காலை 8 மணிக்குக் கிளம்பினால் இரவு 7 ஆகும். தம்பி திருப்பூரில் நான்கு பேரோடு ஒரே அறையில் தங்கி வேலை பார்க்கிறான்.

மாசியில், திண்ணையில் படுத்திருந்தவன் முதுகைப் பக்கத்து வீட்டுப் பையன் தடவப்போக, சட்டென்று திரும்பிக் கையைக் கடித்துவிட்டான். பையனுக்கு அரசு மருத்துவமனையில் ஊசி எல்லாம் போட்டாயிற்று. ஆனாலும் அன்றிலிருந்து அம்மாவுக்குப் பயம்.

நாட்டு நாய் இனங்களை மட்டும் எடுத்து வேறு வீடு பார்த்துக் கொடுக்கும் தன்னார்வக் குழு ஒன்றிடம் பேசினேன். படிவம் அனுப்பினார்கள். அதில் 'இதுவரை யாரையாவது கடித்திருக்கிறதா?' என்று ஒரு கேள்வி. "இல்லைன்னு போடு, உண்மையைச் சொன்னா யாரும் எடுக்கமாட்டாங்க" என்கிறான் தம்பி. இதற்கிடையில் கோவில்பட்டியிலிருந்து ஒருவர், ஜோடி சேர்க்க நல்ல ஆண் நாய் வேண்டும், 15,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். அப்பா பிள்ளை மாதிரி வளர்த்தவனை அனுப்புவது துரோகமோ என்று இரவில் தூக்கம் வரவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, முதலில் வெள்ளையனின் காதைப் பற்றிப் பேசிவிடலாம். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டான், தரையைத் தட்டினால் வருவான், வெடிக்கு அசரமாட்டான், படுத்திருந்தவனைப் பின்னாலிருந்து தொட்டதும் திரும்பிக் கடித்தான் என்று நான்கு விஷயங்களை நான்கு வெவ்வேறு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நான்கும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. உங்கள் வெள்ளையனுக்குக் காது கேட்காமல் இருக்கலாம். கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிப்பது முறையல்ல. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லவும் மாட்டேன். ஆனால் 30 வருடமாக இந்த இனத்தைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில், இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளாமல் அவனை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

ராஜபாளையத்தின் அழகே அந்தப் பால் வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும்தான். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, நான்கில் ஒன்றாக நம் ராஜபாளையமும் இருந்தது. அந்த வெள்ளையில் ஒரு சிக்கலும் இருக்கிறது. தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அங்கேயுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்ப் படலம் உயிரோடு இருக்க அவை தேவை. நிறமே இல்லாத சில குட்டிகளுக்கு உள்காதில் அந்தச் செல்கள் இருக்காது. படலம் வாடிவிடும், அதோடு கேட்கும் நரம்புச் செல்களும் போய்விடும். குட்டி பிறந்து மூன்று, நான்கு வாரத்துக்குள் இது நடந்து முடிந்துவிடுகிறது. காதுத் துளை திறப்பதே இரண்டாவது வாரத்தில்தான். அதனால் அந்தக் குட்டி சத்தம் என்ற ஒன்றைச் சரியாக அறிந்திருக்கவே வாய்ப்பில்லை. டால்மேஷன் இனத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் சோதித்துப் பார்த்ததில், 100 டால்மேஷனில் ஏறக்குறைய 30-க்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை. வெள்ளையாக இருக்கும் எல்லா நாய்க்கும் இப்படி ஆகும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நன்றாகக் காது கேட்கும் ராஜபாளையம் நிறைய உண்டு.

"வாசலில் ஆள் வந்தால் குரைக்கிறானே?" என்று உங்கள் அம்மா கேட்பார். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். காது கேட்காத நாயும் குரைக்கும். ஆளைக் கண்ணால் பார்க்கும், காற்றில் வாசனை பிடிக்கும், இரும்புக் கேட் திறக்கும் அதிர்வைக் காலடியில் உணரும். உங்கள் அப்பா தரையைத் தட்டியதும் அந்த அதிர்வுக்காகத்தான். அவருக்கு விஷயம் தெரிந்திருந்ததா, இல்லை இவனுக்கு இதுதான் புரிகிறது என்று பழக்கத்தில் கண்டுபிடித்தாரா என்று எனக்குத் தெரியாது. எப்படியானாலும், ஒரு மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டிய வைத்தியத்தை நான்கு வருடம் அவர் செய்து வந்திருக்கிறார்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வெள்ளையன் சிமெண்ட் தரையில் அசந்து தூங்கும் நேரமாகப் பாருங்கள். மரக்கட்டிலிலோ பலகையிலோ படுத்திருந்தால் வேண்டாம், அதிர்வு அவனுக்கு எட்டிவிடும். அடுக்களையில் குக்கர் விசில் அடிக்கும்போது அவன் காது மடலை மட்டும் கவனியுங்கள். காது கேட்கும் நாய் தூக்கத்திலும் மடலை ஒரு சிமிட்டலாவது அசைக்கும். பிறகு ஆறேழு அடி தள்ளி, அவன் முதுகுப் பக்கம், காற்று அவனிடமிருந்து உங்களை நோக்கி வரும்படி நின்றுகொண்டு எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டுங்கள். கை தட்ட வேண்டாம், காற்று அவன்மேல் படும். நடந்தும் போகாதீர்கள். இரண்டு மூன்று நாள் வெவ்வேறு நேரத்தில் செய்து செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். காதுக்குள் அழுக்கோ சீழோ அடைத்திருக்கிறதா என்று அவர் கருவி வைத்துப் பார்ப்பார். குட்டியிலிருந்தே இப்படியா என்று கேட்பார். மூளைக்குப் போகும் கேள்நரம்பு அலைகளைப் பதிவு செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது, அதுதான் முடிவானது. கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்துப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு காதும் கேட்காத நாயை வீட்டுச் சோதனையே பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

இப்போது அந்த மாசி மாதத்துக் கடிக்கு வருகிறேன். காது கேட்கும் நாய்க்கு யாராவது நெருங்கும்போதே தூக்கம் கலைந்துவிடும். கேட்காத நாய்க்கு முதுகில் கை படும்போதுதான் உலகமே வந்து மோதுகிறது. யார், என்ன என்று பார்க்கும் முன்பே வாய் போய்விடும். உங்கள் அப்பா இருந்தவரை அவன் அப்படித் தூங்கும் இடத்தில் யாரையும் அவர் விட்டிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பையன்மேலும் தப்பில்லை, நாய்மேலும் தப்பில்லை. பையனுக்கு ஊசி முழுத் தவணையும் போட்டு முடித்தார்களா என்பதை மட்டும் அந்த வீட்டில் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அதனால்தான் தம்பி சொல்வதுபோல் 'இல்லை' என்று எழுதாதீர்கள் என்கிறேன். தம்பிமேல் எனக்குக் கோபமில்லை. நாய்க்கு வீடு கிடைக்க வேண்டும் என்ற கவலையில்தான் சொல்கிறார். ஆனால் 'இல்லை' என்று எழுதினால் குழு அவனைச் சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக்கூட அனுப்பும். அங்கே ஒரு மூன்று வயதுக் குழந்தை தூங்கும் நாயைக் கட்டிப் பிடிக்கும். கடி முகத்தில் விழும். அதற்கப்புறம் வெள்ளையனுக்கு எந்த வீடும் கிடைக்காது.

பல வருடத்துக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஐந்து வயது லாப்ரடார் ஒன்றை ஒரு குடும்பம் வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்தது. அதற்கு வலிப்பு உண்டு, தினமும் மாத்திரையில் இருந்த நாய். சொன்னால் வாங்கமாட்டார்கள் என்று மறைத்துவிட்டார்கள், மாத்திரையையும் கொடுத்து அனுப்பவில்லை. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து பாயும். மூன்றாம் நாள் நள்ளிரவில் புது வீட்டுக்காரர் அதைப் பெட்ஷீட்டில் சுற்றித் தூக்கி வந்தார். வலிப்பு விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஏற்கெனவே வலிப்பு உண்டா என்று கேட்டேன். "நல்லா இருந்த நாய்னுதான் சொன்னாங்க சார்" என்றார். விடியும் முன் இறந்துவிட்டது. பழைய மருந்துச் சீட்டு ஒன்று கையில் இருந்திருந்தால் அந்த நாயைக் காப்பாற்றியிருக்க முடியும் என்று இன்றும் நம்புகிறேன்.

கோவில்பட்டிக்காரருக்கு 'முடியாது' என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இந்தக் காது கேளாமை பரம்பரையாக இறங்கும் விஷயம். வெள்ளையனை ஜோடி சேர்த்தால் பிறக்கும் குட்டிகளில் சிலவும் இதே போல ஆகலாம். அவற்றுக்கெல்லாம் தரையைத் தட்டிக் கூப்பிட ஓர் அப்பா கிடைப்பார் என்று சொல்ல முடியாது. நாய்க் கூடங்களில் காது கேளாத குட்டிக்கு என்ன ஆகும் என்பதை நான் எழுத விரும்பவில்லை. 'தோட்டத்துக் காவலுக்குத் தாங்க', 'பன்றி விரட்டக் கொடுங்க' என்று கேட்டு வருகிறவர்களுக்கும் கொடுக்காதீர்கள். ஊரில் யாராவது 'கண்மாய்ப் பக்கம் அவிழ்த்துவிடு' என்றால், வளர்த்த விலங்கைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று சொல்லுங்கள். லாரி ஹாரன் கேட்காத நாய்க்கு நான்குவழிச் சாலை ஓரத்தில் என்ன நேரும் என்பது உங்களுக்கே தெரியும்.

துரோகமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கடிதத்தைப் படிக்கும்போது ஏதாவது வழி இருக்கிறதா என்று நானும் தேடிப் பார்த்தேன். சென்னைக்கு அழைத்துப் போகலாமா? குடியிருப்புச் சங்கங்கள் செல்லப் பிராணிகளைத் தடை செய்யக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. வாடகை வீட்டு உரிமையாளரிடம் அதைக் காட்டிச் சண்டை போட்டு ஜெயித்தாலும், மூன்றாவது மாடியில் 11 மணி நேரம் தனியாகக் கிடக்கப்போவது அவன்தான். ஓடுவதற்கென்றே பிறந்த உடம்பு அது. அம்மாவே வைத்துக்கொள்ளலாமா என்றால், இன்னொரு முறை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அவரை யார் பார்ப்பது? நீங்கள் யோசித்து எடுத்த முடிவு சரியானதுதான். உங்கள் அம்மாவின் சம்மதத்தை மட்டும் வாய்விட்டுக் கேளுங்கள். அப்பா போனபிறகு அந்த வீட்டில் அவரோடு இருக்கும் இன்னொரு உயிர் அவன். 'கொண்டுபோய் விட்டுட்டு வா' என்று வாய் சொல்லும், மனம் வேறு சொல்லும். அவருக்கு முன்கூட்டியே தெரியாமல் ஒருநாள் காலையில் வண்டி வந்து நிற்கக் கூடாது.

இனத்துக்கென்றே இருக்கும் குழுவைத் தேடியது நல்லது. பொதுக் காப்பகங்களில் அடிபட்ட தெருநாய்களுக்கே இடம் போதவில்லை. அந்த இரைச்சலிலும் நெரிசலிலும் ஒருவரையே ஒட்டி வாழ்ந்த ராஜபாளையம் சாப்பாட்டை நிறுத்திவிட்டு மூலையில் சுருண்டுவிடும். இனக் குழுவில் இருப்பவர்கள் வெள்ளை நாயின் காது என்றதுமே விஷயத்தைப் புரிந்துகொள்வார்கள். பெரும்பாலும் அவர்களுக்கென்று கட்டடம் இருக்காது. ஒரு வாட்ஸ்அப் குழு, தங்கள் வீட்டில் சில வாரம் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஃபாஸ்டர் குடும்பங்கள் சில, அவ்வளவுதான். அதனால் நீங்களும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். கொண்டுபோகும் அன்று இரவு அவன் எங்கே படுப்பான்? வீட்டிலா, கட்டண விடுதிக் கூண்டிலா? தத்து கேட்பவரின் வீட்டை நேரில் போய்ப் பார்ப்பீர்களா? ஒத்துவராவிட்டால் குழுவே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று எழுத்தில் இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தயங்குகிற குழுவிடம் நான் என் நாயைக் கொடுக்கமாட்டேன்.

அவர்கள் சாப்பாட்டுச் செலவோ ஆபரேஷன் செலவோ கேட்டால் தப்பாக நினைக்காதீர்கள். கையில் காசு போட்டுச் செய்கிற வேலை அது. முடிந்தால் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனை நீங்களே முடித்துக் கொடுத்துவிடுங்கள். தத்து என்ற பெயரில் இனப்பெருக்கத்துக்கு வாங்குகிறவர்கள் அதோடு விலகிவிடுவார்கள். ஆபரேஷனுக்கு முன் ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சலையும் பார்த்துவிடச் சொல்லுங்கள், உங்கள் பக்கம் உண்ணி அதிகம். வெறிநாய்த் தடுப்பூசி போட்ட அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். மைக்ரோசிப் இல்லையென்றால் அதே நாளில் போட்டுவிடலாம். தோள்பட்டைக்கு நடுவே அரிசி அளவு சில்லு, 15 இலக்க எண். எங்கே தொலைந்தாலும் கூப்பிட்டு வரவழைக்க முடியாத நாய்க்கு அதுதான் முகவரி. பதிவில் பிறகு புது வீட்டாரின் பெயரை மாற்ற வேண்டும், மறக்காதீர்கள்.

வீடு அமைய ஒரு மாதம் ஆகலாம், நான்கு மாதமும் ஆகலாம். அதுவரை வெள்ளையன் உங்கள் வீட்டிலேயே இருக்க குழு சம்மதித்தால் அதுவே நல்லது. அந்த நாட்களில் அம்மாவிடம் சில பழக்கங்களைச் சொல்லிக் கொடுங்கள். தூங்குபவனை எழுப்ப முதுகைத் தொடக் கூடாது. மூக்குக்கு முன்னால் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் வைத்தால் வாசனையில் எழுந்துகொள்வான். இருட்டில் கூப்பிட டார்ச் லைட்டை அணைத்து அணைத்துப் போடலாம். திண்ணைக்குக் குறுக்கே ஒரு தட்டி கட்டுங்கள், தெருப் பிள்ளைகள் கை எட்டாது. கழுத்துப் பட்டையை நம்பி வெளியே கூட்டிப் போகாதீர்கள். இந்த வகை வேட்டை நாய்க்குத் தலை ஒடுக்கம், பின்னால் ஓர் இழு இழுத்தால் பட்டை காதைத் தாண்டி உருவிக்கொண்டு வந்துவிடும். மார்பைச் சுற்றிப் பூட்டும் பட்டை வாங்குங்கள். அம்மா அதையும் பிடிக்க வேண்டாம். சம்பளம் பேசி ஊரில் யாராவது பெரியவர் ஒருவரைக் காலையும் மாலையும் நடத்திப்போகச் சொல்லுங்கள்.

அப்புறம், நீங்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் அப்பா அவனிடம் வேறு என்னென்ன சைகை செய்வார்? சோறு வைக்கும்போது தொடையைத் தட்டுவாரா, உட்காரச் சொல்லக் கையைக் கீழே காட்டுவாரா, 'போதும்' என்பதற்கு என்ன செய்வார்? அம்மாவை உட்கார வைத்து நினைவுபடுத்தச் சொல்லுங்கள். நினைவு வர வர அவரையே செய்து காட்டச் சொல்லி வீடியோ எடுங்கள். காதில்லாத நாய்க்கு அதுதான் தாய்மொழி. அது இல்லாமல் அனுப்பினால் புது வீட்டில் பாஷை தெரியாத ஊரில் இறக்கிவிடப்பட்டவன்போல நிற்பான்.

அனுப்பும் நாளில் அவனைக் குளிப்பாட்ட வேண்டாம். அப்பாவின் பழைய துண்டோ வேட்டியோ துவைக்காமல் இருந்தால் கூடவே கொடுத்தனுப்புங்கள். ஒரு வாரத்துக்கு அவன் சாப்பிடும் சாப்பாட்டையே கொடுக்கச் சொல்லுங்கள், கம்பங்கூழோ கோழிச் சோறோ எதுவானாலும். வண்டி ஏறும் முன் நான்கு மணி நேரம் வயிறு காலியாக இருக்கட்டும், தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். முதல் மூன்று நாள் சரியாகச் சாப்பிடமாட்டான். மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்கள் பிடிபடும். மூன்று மாதத்தில் அதுதான் தன் வீடு என்று ஆகும். தத்து நாய்களோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு இது. என் அனுபவத்திலும் பெரிதாகத் தப்பியதில்லை. பார்க்க வேண்டும்போல இருந்தாலும் அந்த மூன்று மாதத்தில் போகாதீர்கள். படம் அனுப்பச் சொல்லுங்கள்.

படிவத்தில் அந்தக் கேள்விக்கான கட்டம் சின்னதாகத்தான் இருக்கும். தனித் தாளில் எழுதி இணைத்துவிடுங்கள். காது கேட்கவில்லை என்று உறுதியானால், இப்படி எழுதலாம்: 'ஆம். ஒருமுறை, பக்கத்து வீட்டுச் சிறுவனின் கையில். தூங்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து தொட்டதால் நடந்தது. அவனுக்குக் காது கேட்காது. விழித்திருக்கும்போது இதுவரை யாரையும் கடித்ததில்லை. சிறு பிள்ளைகள் இல்லாத, சுற்றுச்சுவர் உள்ள வீடு வேண்டும். தரையில் காலால் இரண்டு முறை தட்டினால் வருவான்.'

விழித்திருக்கும்போது கடித்ததில்லை என்பதை அம்மாவிடம் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு எழுதுங்கள். கீழே உங்கள் எண்ணோடு அம்மாவின் எண்ணையும் எழுதுங்கள். எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்று அவரிடம்தான் புது வீட்டார் கேட்க வேண்டியிருக்கும்.